திறவாத மூடி

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இன்னதென்று தெரிந்ததும் நேயர்களில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கூடும். பிடித்துக்கொண்டே படிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுவதில்தான் ஆட்சேபணை. வீடு கட்டும்போது பூஜை அறை எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று ஆயிரம் பேரைக் கேட்கிறோம். கட்டி முடித்துக் குடி புகுந்த பிறகு, "உங்கள் வீட்டு செப்டிக் டாங்கின் மூடி எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், வீட்டு எஜமானர் எஜமானியைப் பார்க்கிறார், எஜமானி கொல்லைப்புறத்தைப் பார்க்கிறார். கொல்லைப்புறமோ பளபளவென்று டைல் பதித்துச் சமதளமாக இருக்கிறது.

நமது வீட்டின் கதையும் இதுவே. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத தெரு ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். வீட்டை 1987-ஆம் வருஷத்தில் நமது தகப்பனார் கட்டினார். மலத்தொட்டிக்குக் காங்கிரீட்டினால் மூடுகல் போட்டு, சுற்றிலும் சிமெண்டு வைத்துப் பூசி, மேலே மண்ணைப் பரப்பிவிட்டார் அந்நாளையக் கொத்தனார். பிற்பாடு நமது காலத்தில், மழைக்காலத்தில் சேறாகிறது என்று கொல்லை முழுவதற்கும் டைல் பதித்தோம். அதாவது, தகப்பனார் ஒரு முறை மூடினார். நாம் இரண்டாம் முறை மூடினோம்.

சென்ற ஆவணி மாதத்தில் கழிவறையில் ஊற்றிய ஜலம் இறங்க மறுத்தது. குழாயினுள் 'குளுக் குளுக்' என்று ஒரு சப்தம். பிளம்பர் வந்து பார்த்து, "தொட்டி நிரம்பிவிட்டது ஐயா, கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்றார். நாம் எல்லோரும் நமது தாயாரைப் பார்த்தோம். அவர் விரல் விட்டு எண்ணி, "உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றார். இருபது வருஷத்துக்கு மேல்! மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கசடை எடுத்துவிட வேண்டும் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. நாம் பள்ளிக்கூடத்தில் ரசாயனமும் பௌதிகமும் போதிக்கிறவர் என்பதையும் இந்த இடத்தில் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இந்தத் தொட்டியின் பூர்வ சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்ஸ் தேசத்தில் மூரா என்பவர் 1860-ஆம் வருஷத்தையொட்டித் தமது வீட்டுக் கழிவுக்காக ஒரு தொட்டி கட்டினார். பல வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே கசடு இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பிராணவாயு இல்லாத இருட்டில் கழிவைத் தின்று ஜலமாகவும் வாயுவாகவும் மாற்றிவிடுகின்றன என்பது அப்புறம் விளங்கிற்று. 'செப்டிக் டாங்க்' என்ற நாமகரணம் இங்கிலாந்திலுள்ள எக்ஸிடர் நகரத்தின் காமரன் என்ற இஞ்சினீயரால் 1895-ஐ ஒட்டி நடந்தது. மூரா திறந்து பார்த்தார் என்பதுதான் நாம் இங்கே கவனிக்க வேண்டியது. அவருடைய மூடி திறந்தது.

நமது மூடி திறக்கவில்லை. முதலில் அது இருக்கும் இடமே தெரியவில்லை. கழிவறைக் குழாய் எந்தத் திசையில் சுவரைத் தாண்டுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டிலேயே கட்டையினால் தரையைத் தட்டிக்கொண்டு போனோம். ஓரிடத்தில் 'டொக் டொக்' என்ற ஒலி மாறி 'தொம் தொம்' என்று கேட்டது. நான்கு டைல்களைப் பெயர்த்ததும் மூடுகல் தரிசனம் கொடுத்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். தூக்குவதற்கு வைத்திருந்த இரண்டு இரும்பு வளையங்களும் துருவேறித் தேய்ந்து, பல் விழுந்த ஈறு மாதிரி இரண்டு கறைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அதற்குச் சற்றுத் தள்ளி ஓரடிச் சதுரத்தில் ஒரு சிறு மூடியும் இருந்தது. அது சுலபமாகவே கழன்றது.

இதற்குள் கழிவு உறிஞ்சும் லாரி வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் ஒருவர், உதவியாள் ஒருவர். உதவியாள் நம்மைக் கண்டதும், "சார்! நீங்களா?" என்றான். நம்மிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த பையன். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்; படம் வரைவதில் கெட்டிக்காரன். இருதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அவன் கரும்பலகையில் வரைந்தால் அழிக்க மனம் வராது. அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூடுகல்லோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றான். கல் அசையவில்லை. டிரைவருக்கு அடுத்த வீட்டு அவசரம். சம்மட்டியுடன் கல்லின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, "உடைச்சிடலாம் சார், புதுசு போட்டுக்கங்க" என்றார். ஏதோ ஒரு பயத்தினால் அவரை இறங்கச் சொன்னோம். அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பது மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

இறங்கியவர் சிறு மூடியின் துவாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார். "பையன் ஒல்லி சார். இது வழியா இறங்கி அடியிலேர்ந்து ஜாக்கி கொடுத்துத் தள்ளிடுவான். பத்து நிமிஷ வேலை. ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்க" என்றார். பையனும், "ஆமா சார், பழக்கந்தான். டார்ச் இருக்கா சார்?" என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

நேயர்களிடம் ஒளிப்பதில் பிரயோஜனமில்லை. நமது கை சட்டைப் பைக்குப் போயிற்று. வீட்டில் ஐந்து பேர். கழிவறையோ இரண்டு நாளாக உபயோகமில்லை. ஐந்நூறு ரூபாயில் காரியம் முடிந்துவிடும் என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. போட்டது என்பதே உண்மை. பை வரை போன கை அங்கேயே நின்றது.

அந்தப் பையனுடைய வகுப்பில் ஒரு நாள் ஹைட்ரஜன் ஸல்பைட் வாயுவைக் 'கிப்' உபகரணத்தில் தயாரித்துக் காட்டியது நமக்கு ஞாபகம் வந்தது. இரும்பு ஸல்பைடின் மேல் திராவகம் பட்டதும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பி, வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "தம்பி, அழுகிய முட்டை வாயு ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இதற்குள்ளும் இருக்கிறது" என்றோம்.

"ஞாபகம் இருக்கு சார்" என்று சிரித்தான். "ஆனா உள்ளே போனா அந்த நாத்தம் கொஞ்ச நேரந்தான் சார். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

நமக்கு உடம்பு சில்லிட்டது. பாடப் புஸ்தகத்தில் அச்சிட்டிருப்பதை அவன் தன் மூக்கினால் அறிந்து வைத்திருந்தான். அந்த வாயு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் நாற்றம் தெரியும். நூறு பங்கை எட்டினால் மோப்ப நரம்பு மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் நினைக்கும் சமயத்தில்தான் அபாயம் உச்சத்துக்குப் போகிறது. ஐந்நூறு, ஆயிரம் பங்கு என்று ஏறினால் சில மூச்சுகளில் நினைவு தப்பிவிடும். தவிரவும் இது காற்றைவிடக் கனமானது. ஆகையால் தொட்டியின் அடியில் தங்கும். உள்ளே பிராணவாயுவும் குறைவு. மேலே நின்று எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லாரிக்குக் காத்திருந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். "மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சொல்கிறோம். யாரும் இறங்க வேண்டாம்" என்றோம். டிரைவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்லி லாபமில்லை. வீட்டுக்காரர்கள் கேட்பதைத்தான் அவர் விற்கிறார்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம், தக்க கருவிகளும் பாதுகாப்பும் இன்றி எவரையும் செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்ய நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. 'எவரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொட்டியிலும் சாக்கடையிலும் இறந்தவர்களுடைய குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. நாம் ஐந்நூறு ரூபாய்க்குக் கையை நீட்டிய காரியத்தின் விலை இது.

இனி, மூடியைத் திறந்த கதை. காங்கிரீட்டு மூடி திறவாமல் போவதற்குக் கல்லின் பாரம் காரணமல்ல. மூன்றடிக்கு இரண்டடி, மூன்று அங்குல கனம் உள்ள கல் ஏறக்குறைய 100 கிலோ நிறை. இரண்டு பேர் சேர்ந்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பிவிடலாம். தூக்க முடியாமல் செய்வது சுற்றிலும் பூசியிருக்கும் சிமெண்டு. அது கல்லையும் சுவரையும் ஒரே பாறையாக்கி விடுகிறது. ஆகவே நெம்புவதற்கு முன் அந்தப் பூச்சைக் களைய வேண்டும். அதைச் செய்யாமல் நெம்பினால் கடப்பாரைதான் வளையும், அல்லது கல்லின் மூலை உடையும். நாம் நமது தெருவுக் கொத்தனாரை அழைத்து, கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்தை உளியினால் நாலு பக்கமும் செதுக்கச் சொன்னோம். அவர் மின்சார அறுப்பு மிஷின் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்று மறுத்தோம். தொட்டிக்குள் மீத்தேன் வாயுவும் இருக்கும். காற்றில் அது நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருக்கையில் ஒரு பொறி போதும். அறுப்பு மிஷினோ பொறியை மழையாகப் பொழியும். உளி வேலைக்கும், சிறு மூடியை முதலில் மறுபடி மூடிவிட்டு, சந்தின் மேல் ஓயாமல் ஜலம் ஊற்றி நனைத்துக்கொண்டே செதுக்கினார். பீடியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வரும்படியும் கேட்டுக்கொண்டோம். மின்விளக்கு டார்ச்சைத் தவிர வேறு வெளிச்சம் அருகில் கூடாது. 'தீக்குச்சி கிழித்துப் பார்க்கலாம்' என்கிற பெரியவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

எதிர்வீட்டு நண்பர் ஒருவர், "ஆஸிட் ஊற்றினால் சிமெண்டு கரைந்துவிடும், எதற்கு இந்த உளி?" என்று யோசனை சொன்னார். நல்ல மனிதர், ஆனால் அவர் சொன்னது 'கிப்' உபகரணத்தைக் கொல்லையில் கட்டுகிற யோசனை. தொட்டியிலுள்ள கசடு கறுப்பாயிருப்பதற்குக் காரணமே பெரும்பாலும் இரும்பு ஸல்பைட்தான். அதன் மேல் ஆஸிட் ஒழுகினால் என்ன உற்பத்தியாகும் என்பதை மூன்றாம் பெஞ்சுப் பையனே சொல்லிவிடுவான்.

செதுக்கும் வேலை ஒரு பகல் முழுவதும் எடுத்தது. மறுநாள் நெம்பினோம். இங்கேதான் நமது பௌதிகத்துக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியைச் சந்தில் கொடுத்து, நுனியிலிருந்து நாலு அங்குலத்தில் ஒரு தேக்குக் கட்டையை அண்டை கொடுத்தோம். கையிருக்கும் பக்கம் 56 அங்குலம். கல் இருக்கும் பக்கம் 4 அங்குலம். பதினாலு மடங்கு லாபம். ஓர் ஓரத்தைக் கிளப்ப வேண்டியது ஐம்பது கிலோ என்றால், கை கொடுக்க வேண்டியது நாலு கிலோவுக்கும் குறைவு. நமது எட்டாம் வகுப்புப் பெண் குழந்தை இந்தக் கணக்கைக் கேட்டு, "அப்படியானால் நானே தூக்குகிறேன் அப்பா" என்றாள். கணக்கு சரிதான், ஆனால் குழந்தைகளுக்கு அன்றைக்குக் கொல்லைப்புறம் விலக்கு.

கிளப்பும்போது கல்லின் மேல் நிற்கலாகாது. குழியின் பக்கமாகக் குனியவும் கூடாது. ஓர் ஓரம் இரண்டு அங்குலம் எழும்பியதும் அதன் கீழ் ஒரு மரக்கட்டையைச் சொருகிவிட்டு எல்லோரும் வீட்டின் முன்புறம் போய்விட்டோம். ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டுத் திரும்பி வந்து, காற்று வரும் திசையில் நின்றுகொண்டு, கல்லின் அடியில் இரண்டு இரும்புக் குழாய்களை உருளையாக வைத்துப் பக்கவாட்டில் தள்ளினோம். தூக்குவதைவிடத் தள்ளுவது எப்போதும் சுலபம், இடுப்புக்கும் நல்லது.

தள்ளிய கல்லைத் திருப்பிப் பார்த்ததும் கொத்தனார் வாயடைத்துப் போனார். மேலே பாறை போலிருந்த மூடுகல்லின் அடிப்புறம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்தது. கம்பிகள் வெளியே தெரிந்தன. சில இடங்களில் கம்பியே இல்லை, துரு மட்டும் இருந்தது. மூன்று அங்குலக் கல்லில் நம்பிக்கையானது ஓர் அங்குலந்தான் மிஞ்சியிருந்தது. தொட்டியிலிருந்து எழும் ஹைட்ரஜன் ஸல்பைட் வாயு கல்லின் ஈரமான அடிப்புறத்தில் படிய, அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதைக் கந்தகத் திராவகமாக மாற்றிவிடுகின்றன. அந்தத் திராவகம் காங்கிரீட்டை வருஷக்கணக்கில் தின்றிருக்கிறது. இந்தக் கல்லின் நடுவில்தான் டிரைவர் சம்மட்டியோடு ஏறி நின்றார்! இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் கல்லும் அவரும் சேர்ந்தே உள்ளே போயிருப்பார்கள். ஆகவே பழைய மூடுகல்லின் மேல் நிற்பது, ஸ்கூட்டர் நிறுத்துவது, துணி துவைப்பது எல்லாவற்றையும் நேயர்கள் இன்றே நிறுத்திவிடுவது உத்தமம்.

அப்படி எவரேனும் விழுந்துவிட்டால்? இதை மட்டும் வீட்டிலுள்ள எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பின்னால் குதிக்கக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும் கூடாது என்று எழுதுவதற்குக் கை நடுங்குகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். பத்திரிகைகளில் வரும் செய்திகளைக் கவனியுங்கள். ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அவருடன் சேர்ந்தே இறந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. கயிறு, ஏணி எதையும் மேலேயிருந்துதான் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டு மூடி இரும்பாயிற்றே என்று கேட்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. வார்ப்பிரும்பு மூடி ஒட்டிக்கொள்வதற்குத் துருவும் சந்தில் இறங்கிய மணலுமே காரணம். சந்தைக் கம்பித் தூரிகையினால் சுத்தம் செய்து, மோட்டார் சாமான் கடையில் விற்கும் துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள், மூடியின் விளிம்பின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அந்தக் கட்டையின் மேல் சுத்தியலால் வட்டமாகத் தட்டிக்கொண்டு போனால் துருப் பிடி விட்டுவிடும். இரும்பின் மேல் இரும்பினால் அடிக்க வேண்டாம். பொறியும் வரும், வார்ப்பிரும்பு விரிசலும் விடும். திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் தொட்டியானால் விளிம்பிலுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு நீண்ட சட்டத்தைக் கொடுத்து மெதுவாகத் திருப்பினால் போதும்.

மூன்றாம் நாள் லாரி திரும்பி வந்தது. இந்தத் தடவை மூடி திறந்திருந்தது. அடியில் இறுகியிருந்த கசடைத் தண்ணீர்க் குழாயினால் மேலிருந்தே பீய்ச்சி இளக்கி, உறிஞ்சு குழாயை விட்டு இழுத்தார்கள். முக்கால் மணியில் வேலை முடிந்தது. ஒருவரும் இறங்கவில்லை. லாரியை அழைப்பதற்கும், எங்கேனும் ஆளை இறக்குவதைக் கண்டால் தெரிவிப்பதற்கும் 14420 என்ற டெலிபோன் எண் இருப்பதைப் பையன்தான் நமக்குச் சொன்னான். போகும்போது அவனிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். "எதுக்கு சார்? நான்தான் இறங்கவேயில்லையே!" என்றான். அதற்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை; காப்பிக்கு என்று சொல்லிவைத்தோம்.

புது மூடுகல்லை ஒன்றாகப் போடாமல் இரண்டு துண்டாக வார்த்தோம். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. துருப்பிடிக்காத எஃகினால் வளையங்கள். சந்துக்குச் சிமெண்டு கூடாது என்று கொத்தனாரிடம் சொன்னபோது அவர் மனம் புண்பட்டது. "ஐயா, என் பேர் கெட்டுப் போகும்" என்றார். கடைசியில் சுண்ணாம்பும் மணலும் மெலிதாகக் குழைத்து அடைக்க ஒப்புக்கொண்டார். வாயுவும் கொசுவும் வெளியே வராது. அடுத்த முறை கரண்டி நுனியினால் சுரண்டினாலே வந்துவிடும். இப்போது பைபரில் இலேசான மூடிகளும் கிடைக்கின்றன. இலேசானது குழந்தை கையாலும் திறக்கும் என்பதால், பூட்டு இல்லாமல் அதைப் போடக் கூடாது. வாயு போவதற்கான குழாயின் தலையில் குருவி கூடு கட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்து கொசுவலை கட்டினோம்.

சமையலறைச் சுவரிலிருந்து எத்தனை அடி, மதில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று மூடியின் இருப்பிடத்தை அளந்து, படம் போட்டு, திறந்த தேதியையும் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் நமது இல்லக்கிழத்தியார் ஒட்டிவைத்திருக்கிறார். அந்த இடத்தில் மறுபடியும் டைல் பதிக்கவில்லை. பார்க்க நன்றாயில்லை என்று நமது தாயார் அதன் மேல் இரண்டு நந்தியாவட்டைத் தொட்டிகளை வைத்திருக்கிறார். மண்ணில் நடலாமே என்றதற்கு, "வேர் இறங்கினால் மறுபடியும் உளி கொண்டுவர வேண்டாமா?" என்கிறார்.